தார்ப்பாய்க்கு முகட்டுக்கயிறு: மூன்று முடிச்சு போதும்

கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று, தளர்வாகக் கட்டிய தார்ப்பாயை ஒரே இரவில் கிழித்துவிடும். அதனால் முகட்டுக்கயிறு (தார்ப்பாயைக் கூடாரமாகத் தாங்க இரண்டு மரங்களுக்கு இடையே கட்டும் கயிறு) தெற்கு வடக்காக ஓடட்டும்; தார்ப்பாயின் மேற்குப் பக்கத்தைத் தரையோடு சேர்த்து முளையடியுங்கள்.

3×3 மீட்டர் தார்ப்பாய்க்கு 5 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு 10 மீட்டர், 3 மி.மீ. கயிறு அரை மீட்டரில் இரண்டு துண்டு வேண்டும். நைலான் வேண்டாம், நனைந்தால் நீண்டு தொய்யும். பிளாஸ்டிக் கயிறும் வேண்டாம், வழுவழுப்பில் முடிச்சு நழுவும்.

மரங்களுக்கு இடையே 4–5 மீட்டர் இருக்கட்டும். காய் தொங்கும் தென்னைக்குக் கீழே எந்தக் காரணத்துக்கும் கூடாரம் வேண்டாம். ரப்பர் தோட்டமென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, பால்வெட்டும் பட்டைக்கு மேலே சாக்கை மடித்துச் சுற்றி அதன்மேல் கட்டுங்கள்.

முதல் மரத்தில் போலைன், அதாவது இழுத்தாலும் சுருங்காத வளைய முடிச்சு. கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, நீளப் பக்கத்தில் சிறு வளையம் போடுங்கள். நுனியைக் கீழிருந்து வளையத்துக்குள் ஏற்றி, நீளக் கயிற்றின் பின்னால் சுற்றி, அதே வளையத்தில் இறக்கி இழுங்கள். நுனி ஒரு சாண் மிஞ்சட்டும்.

இரண்டாவது மரத்தில் லாரிக்காரர்கள் சரக்கை இறுக்கும் கட்டு. பலரும் தடுமாறுவது இங்கேதான். மரத்துக்கு ஒரு மீட்டர் முன்னால் உருவு கண்ணி (ஒரு பக்கம் இழுத்தால் மட்டும் சுருங்கும் கண்ணி) போடுங்கள். போட்டதும், முதல் மரத்துப் பக்கக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். கண்ணி சுருங்கினால் தப்பான பக்கத்திலிருந்து கயிறு எடுத்திருக்கிறீர்கள். பாரம் ஏறியதும் அது மூடிக்கொள்ளும். அவிழ்த்து, நுனிப் பக்கத்துக் கயிற்றை மடித்து உள்ளே நுழைத்துக் கண்ணியாக்குங்கள். பிறகு நுனியை மரத்தைச் சுற்றிக் கண்ணிக்குள் விட்டு, மரத்தை நோக்கி இழுங்கள். இறுகியதும் கயிறு கண்ணியில் திரும்பும் இடத்தை இரு விரலால் நெரித்துப் பிடித்தபடி இரண்டு அரை முடிச்சு. கடைசி முடிச்சை மட்டும் மடித்த நுனியால் போட்டால் காலையில் ஒரே இழுப்பில் அவிழும்.

மூன்றாவது புரூசிக், அதாவது கையால் தள்ளினால் நகர்ந்து, பாரம் ஏறினால் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் முடிச்சு. 3 மி.மீ. துண்டை முனை சேர்த்து வளையமாக்கி, முகட்டுக்கயிற்றின்மேல் வளையத்துக்குள்ளாகவே மூன்று சுற்று. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, ஏறினால் பிடிக்காது. வளையத்தைத் தார்ப்பாயின் ஓரக் கண்ணில் நுழைத்து, விரல் நீளக் குச்சி செருகுங்கள். இரண்டு முனையிலும் இப்படிச் செய்து மரத்தை நோக்கித் தள்ளினால் தார்ப்பாய் விறைப்பாகும். இந்தத் துண்டும் முகட்டுக்கயிறும் ஒரே தடிமனாக இருந்தால் பிடிப்பு போய்விடும், மெல்லியது கட்டாயம். மழையில் வழுக்கினால் நான்காவது சுற்று போடுங்கள்.

பின்சேர்க்கை: தார்ப்பாய் சரியாக இருந்தும் உள்ளே சொட்டினால், மரத்தில் வழியும் நீர் கயிறு வழியே வருகிறது. தார்ப்பாய் ஓரத்துக்கு வெளியே, கயிற்றின் இரு பக்கமும் ஒரு சாண் பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள்; நீர் அதிலே இறங்கிவிடும்.