கேம்பர் வேன் மெத்தை: ஃபோம் பார்த்து வாங்கி, நேராக வெட்டுவது எப்படி?

வேனோடு வந்த மெத்தையில் ஒருக்களித்துப் படுத்தால் என் இடுப்பெலும்பு நேராகப் பலகையில் போய் முட்டும். சில இரவுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஃபோமை மட்டும் மாற்றினேன். உறை நன்றாகவே இருந்ததால் தையல் வேலை ஏதும் வரவில்லை. கையில் ஒரு நல்ல கத்தியும் ஒரு மதிய நேரமும் இருந்தால் நீங்களும் செய்யலாம்.

எந்த ஃபோம்?

பலரும் தடுமாறும் இடம் இதுதான். அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கும் என்ற கணக்கு. அது ஃபோம் எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சொல்லும். கடினம் என்பது படுக்கும்போது உடம்பு எவ்வளவு அமுங்குகிறது என்பது. 40 கிலோ அடர்த்தியிலேயே மெத்தென்றும் கிடைக்கும், கெட்டியாகவும் கிடைக்கும். தொட்டவுடன் சுகமாக இருக்கிறதே என்று அடர்த்தி குறைந்ததை வாங்கினால் சீக்கிரம் நடுவில் குழி விழுந்துவிடும். எப்போதாவது படுக்க 28 முதல் 32 வரை போதும். மாதக்கணக்கில் வேனில் இருப்பவர் 35க்குக் கீழே போக வேண்டாம் என்பேன்.

சொன்ன அடர்த்திதானா என்று தராசில் போட்டுப் பார்க்கலாம். 190 × 60 × 10 செ.மீ. துண்டு 0.114 கன மீட்டர். 40 அடர்த்தி என்றால் ஏறக்குறைய நாலரைக் கிலோ இருக்க வேண்டும். மூன்றரைதான் காட்டுகிறதா? அது 30 அடர்த்தி.

ஃபோமின் தடிமனுக்கு வருவோம். வேனில் அடியில் இருப்பது பெரும்பாலும் வெறும் பிளைவுட். கொஞ்சமும் வளைந்து கொடுக்காது. அதனால் தாங்குவது, மெத்தென்று இருப்பது இரண்டையும் ஃபோமே செய்தாக வேண்டும். என் தேர்வு, அடியில் 7 செ.மீ. கெட்டி ஃபோம், மேலே 3 செ.மீ. மெது ஃபோம். ஒருக்களித்துப் படுப்பவருக்கு மேலடுக்கு 5 செ.மீ. இருந்தால் தோள்பட்டை நன்றி சொல்லும். உடம்புச் சூட்டில் இளகி உடல் வடிவத்துக்கு அமுங்கும் மெமரி ஃபோம்மீது ஆசை இருந்தால் மேலடுக்குக்கு மட்டும் போடுங்கள். குளிரில் அது இறுகிவிடும். உடம்புச் சூடு ஏறும்வரை பலகை மாதிரியே இருக்கும்.

வாங்குவதற்கு முன் அதே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்து பாருங்கள். தலை கூரையில் இடித்தால் தடிமனைக் குறைக்க வேண்டியதுதான்.

அளவு எடுப்பது

பழைய ஃபோமை வைத்து வரையாதீர்கள், அது சுருங்கியிருக்கும். உறையைத் தையலிலிருந்து தையல் வரை அளந்து, நீளத்திலும் அகலத்திலும் 1 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்; அப்போதுதான் உறை சுருக்கமில்லாமல் இறுக்கமாக நிற்கும். உறை இல்லையென்றால் கட்டிலை அளக்க வேண்டும். அதுவும் தலை, நடு, கால் என்று மூன்று இடத்தில், ஏனென்றால் வேனின் சுவர் நேராக இருக்காது. சக்கர மேடு, வளைவு எல்லாம் வரும் இடத்துக்குச் செய்தித்தாளை ஒட்டி ஒரு மாதிரி வெட்டிக்கொண்டு, அதில் ‘மேல்பக்கம்’ என்று பெரிதாக எழுதிவையுங்கள். ஒருமுறை தாளைத் திருப்பிப் போட்டு வரைந்து, வளைவு எதிர்ப்பக்கம் வந்து ஒரு துண்டை வீணாக்கியவன் சொல்கிறேன்.

ஃபோம் சுருட்டி வந்திருந்தால் ஒருநாள் விரித்துப் போட்டு, முழுதாக உப்பிய பிறகு வெட்டுங்கள்.

வெட்டுவது

இரட்டை அலகு ஆடும் மின்சாரக் கத்தி இருந்தால் வேலை சுலபம். இல்லையா, அலகை நீளமாக வெளியே தள்ளக்கூடிய கட்டர் போதும். ரொட்டி வெட்டும் பல் கத்தியும் ஓரளவு ஒப்பேற்றும். கத்தரிக்கோல் வேண்டாம். சூடான கம்பியால் வெட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாலியூரித்தேன் ஃபோம் கருகினால் வரும் புகை நச்சு.

மேல்பக்கம், பக்கவாட்டு, அடிப்பக்கம் மூன்றிலும் மார்க்கரால் கோடு போடுங்கள். கோட்டை ஒட்டி நேரான சட்டம் ஒன்றைச் சும்மா வைத்தால் போதும். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டினால், கையை எடுத்ததும் ஓரம் உள்வாங்கியிருக்கும்.

முதல் இழுப்பில் 1 அல்லது 2 செ.மீ. ஆழம்தான். அப்புறம் அதே பள்ளத்தில் திரும்பத் திரும்ப லேசாக இழுங்கள். வெட்டும் பகுதியை மேசை விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டி வைத்தால் பிளவு தானாக விரிந்து அலகுக்கு வழி விடும். அலகு சாய்கிறதா என்று அவ்வப்போது குனிந்து அடிக்கோட்டைப் பாருங்கள். சரக்சரக்கென்று சீராகக் கேட்க வேண்டும். ஃபோம் அலகோடு சேர்ந்து இழுபட்டால் அலகு மழுங்கிவிட்டது, அந்த நுனியை உடைத்துவிடுங்கள். வளைவுகளைக் கோட்டுக்கு வெளியே தாராளமாக வெட்டிவிட்டுச் சிறிது சிறிதாகச் சீவுங்கள்.

உறைக்குள் போடுவது

இரண்டு அடுக்கையும் பசை போட்டு ஒட்டத் தேவையில்லை, உறையே பிடித்துக்கொள்ளும். ஃபோம் உறைத் துணியில் சிக்கி நகர மறுக்கும். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பாதியாக மடித்து உள்ளே தள்ளிவிட்டுத் தாளை உருவுங்கள். மூலைகளை விரலால் குத்தி நிரப்பிய பிறகு ஜிப்பை மூடுங்கள்.

பலகையில் துளை ஏதும் இல்லையென்றால் இப்போதே சில துளைகள் போட்டுவிடுங்கள். உடம்பின் ஈரம் ஃபோம் வழியே இறங்கி, குளிர்ந்த பலகையில் நீராகப் படியும். காற்றுப் போகாவிட்டால் அடியில் கரும்பூஞ்சை பிடித்துவிடும். துளை போட முடியாதவர்கள் காலையில் எழுந்ததும் மெத்தையைச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போகலாம்.