படிச்சதெல்லாம் எங்கே போகுது? பிள்ளைகள் படிக்கும்போது செய்கிற தவறுகள்

"எல்லாம் படிச்சேன் சார், கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் மறந்துபோச்சு." பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் இதைக் கேட்கிறேன். ரொம்ப நாள் இதைச் சாக்கு என்றே நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் தெரிந்தது, பாதிப் பேர் உண்மையாகவே மணிக்கணக்கில் படிக்கிறார்கள். படித்த விதம்தான் அவர்களைக் கைவிடுகிறது. ஆனால் அவர்கள் பழி போடுவது தங்கள் மூளையின் மேல்.

பெரிய தவறு, திரும்பத் திரும்ப வாசிப்பது. நான்காவது தடவை வாசிக்கும்போது எல்லா வரியும் தெரிந்த மாதிரி இருக்கும். தெருவில் தினமும் பார்க்கிற ஆளின் முகம் பழக்கம்தான், பேரைக் கேட்டால் வராது இல்லையா? தேர்வில் கேட்பது பேரை. கலர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போவதும் இதே வகைதான். பக்கம் அழகாகிவிடும், மனதில் ஒன்றும் தங்காது.

இதை ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியை நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 40க்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்களிடம் 61 மிஞ்சியது. அந்த 5 நிமிடக் கணக்குதான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. ராத்திரி புத்தகத்தை மூடும்போது எல்லாம் வந்துவிட்டது என்று தோன்றுவது அதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு தலைப்பை வாசித்துப் புரிந்துகொண்டதும் புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் ஞாபகம் வருவதை எழுதச் சொல்லுங்கள். அப்புறம் திறந்து பார்த்து, விட்டதை வேறு மையில் எழுதட்டும். முதல் வாரம் பிள்ளைகளுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. அரைப் பக்கம்கூட வராமல் தவிப்பார்கள். அப்படித் தவித்துத் தேடி எடுப்பதுதான் மனதில் நிற்கும். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சத்தமாக வாசித்தால்தான் படிப்பு, விட்டத்தைப் பார்த்தால் சும்மா இருக்கிறான் என்று முடிவு கட்டாதீர்கள். ஒப்பிப்பதை இப்போது மட்டமாகப் பேசுகிறோம். பொருள் புரியாமல் ஒப்பித்தால் வீண், மறுக்கவில்லை. ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு இன்னொருவரிடம் சொல்லிப் பார்க்கும் பழக்கம் அதில் இருந்தது. அதை நாம் விட்டிருக்கக் கூடாது.

கணக்கில் தவறு வேறு மாதிரி. அளவியல் பாடத்தில் கூம்பின் கன அளவுக் கணக்கு பத்தை வரிசையாகப் போடுகிறோம். மூன்றாவது கணக்கிலிருந்து பிள்ளை யோசிப்பதே இல்லை, எண்ணை மட்டும் மாற்றுகிறது. எந்தச் சூத்திரம் என்பதைத்தான் தலைப்பே சொல்லிவிட்டதே! தேர்வுத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. 2007இல் ரோரர், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வும் திண்மங்களின் கன அளவைப் பற்றியதுதான். ஒரே வகைக் கணக்குகளைச் சேர்த்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, சேர்த்துப் போட்டவர்கள் 20க்கு விழுந்தார்கள், கலந்து போட்டவர்கள் 63 எடுத்தார்கள். அதனால் பயிற்சியை ஒருமுறை முடித்ததும், மூன்று நான்கு பாடங்களிலிருந்து கணக்குகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்துப் போடச் சொல்கிறேன்.

தேர்வுக்கு முந்தின ராத்திரி கண்விழிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் நான்கு மணி நேரம் படிப்பதைவிட, அதையே நான்கு நாளில் பிரித்துப் படித்தால் நிற்கும். படித்ததை மூளை பதிய வைப்பதில் தூக்கத்துக்கும் பங்கு இருக்கிறது.

இனி ஆர்வம். "450க்கு மேல எடுத்தா போன்" என்று பேரம் பேசுகிறோம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிறகு தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு தந்த குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. பிடிக்காத பாடத்தைத் தொட வைக்கச் சின்னப் பரிசு உதவலாம். ஏற்கனவே ஆசையாகப் படிக்கிற பாடத்துக்கு விலை பேசாதீர்கள்.

இதைவிட எனக்கு வலிப்பது "உனக்குக் கணக்கு வராது" என்ற பேச்சு. ஆறு மணி நேரம் வாசித்துவிட்டு 38 மார்க் வாங்கின பிள்ளை அதை உடனே நம்பிவிடும். அதன்பின் எதற்குப் படிக்க வேண்டும் என்று விட்டுவிடும். வெளியே அது சோம்பல் மாதிரி தெரியும். அந்தப் பிள்ளைக்கு அறிவுரையைவிட, ஒரு சின்னப் பாடத்திலாவது முறையை மாற்றி, மார்க் ஏறுவதைக் கண்ணால் பார்க்கிற வாய்ப்புதான் வேண்டும்.

விடைத்தாள் கைக்கு வந்ததும் மொத்த மார்க்கை ஓரமாக வையுங்கள். போன ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் காரணத்தைப் பிள்ளையே எழுதட்டும்: மறந்துவிட்டது, புரியவே இல்லை, எந்த முறை என்று தெரியவில்லை, அவசரம். "மறந்துவிட்டது" அதிகம் இருந்தால் வெள்ளைத் தாள். "எந்த முறை" அதிகம் இருந்தால் சீட்டுக் குலுக்கல். "புரியவே இல்லை" என்று எழுதியிருந்தால், அன்றைக்கே நாம் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து சொல்லித் தர வேண்டும்.