கேண்டி பெயிண்ட் அடித்த 1964 இம்பாலா ஹார்ட்டாப்பை வாங்குமுன் பார்க்கும் முறை

அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவில், பழைய கார் விற்பனை விளம்பரங்களைப் பார்ப்பவர்களின் கண்ணில் 1964ஆம் ஆண்டுச் செவ்ரோலெட் இம்பாலா படாமல் இருக்காது. இரண்டு கதவு, தாழ்த்திய உடல், குரோம் சக்கரங்கள், நாவற்பழ நிறத்திலோ மாதுளை நிறத்திலோ ஆழம் காட்டும் கேண்டி பெயிண்ட் (ஒளி ஊடுருவும் நிறத்தைப் பல அடுக்காக அடிக்கும் பூச்சு), அதன்மேல் கோடுகளும் பூவேலையும் என்று படங்கள் மனத்தை இழுக்கும். அத்தகைய காரை முதன்முதலாக வாங்க எண்ணுபவர் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இங்கே வரிசைதான் முக்கியம். பெயிண்ட்டை முதலில் பார்த்தவர் மற்ற எதையும் சரியாகப் பார்ப்பதில்லை.

ஹார்ட்டாப் என்பது இரும்புக் கூரை இருந்தும், பக்கவாட்டின் முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே நிலையான தூண் இல்லாத உடலமைப்பு. கண்ணாடிகளை இறக்கிவிட்டால் பக்கவாட்டு முழுவதும் ஒரே திறப்பாகிவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் பியூக், காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் இதைக் கொண்டுவந்தது. பார்வைக்கு அழகு தரும் இந்தத் தூணின்மைதான், பின்னர் வரும் சில சிக்கல்களுக்கும் காரணம்.

முதல் படி: எண்களும் பத்திரமும்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கீல் பொருத்தப்பட்டுள்ள தூணில் இருக்கும் சிறிய உலோகத் தகட்டைப் படியுங்கள். அதில் 12 எழுத்தெண்கள் இருக்கும். முதல் எண் 4 என்றால் 1964ஆம் ஆண்டு. அடுத்த இரண்டு எண்கள் மாடல் வரிசையையும் எஞ்சின் வகையையும் குறிக்கும்: 18 என்றால் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினுடன் வந்த சாதாரண இம்பாலா, 14 என்றால் வி8 எஞ்சினுடன் வந்த இம்பாலா சூப்பர் ஸ்போர்ட் (சுருக்கமாக எஸ்எஸ்) என்னும் தனி வகை, 17 அல்லது 13 என்றால் ஆறு சிலிண்டர். அடுத்து வரும் 47 என்பது இரண்டு கதவு ஹார்ட்டாப். ஆகவே தகடு 41447 என்று தொடங்கினால் அது பிறப்பிலேயே சூப்பர் ஸ்போர்ட். 41847 என்று தொடங்கும் காரில் எஸ்எஸ் சின்னங்கள் ஒட்டப்பட்டிருந்தால், அவை கடையில் வாங்கி ஒட்டியவை. அது குற்றமில்லை, ஆனால் சூப்பர் ஸ்போர்ட்டுக்குரிய விலையை அதற்குக் கொடுக்கக்கூடாது.

அந்தத் தகட்டு எண்ணும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். 17 எழுத்தெண் முறை 1981இல்தான் வந்தது என்பதால், இணையத்தில் வண்டி வரலாறு தரும் வழக்கமான சேவைகள் இந்தக் காருக்குப் பெரிதாக உதவா. பத்திரமும் தகடும்தான் சாட்சி. தகட்டைக் கழற்றி மாட்டிய தடயம் தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காமல் திரும்பிவிடுங்கள். அந்த எண்ணைத் திருத்துவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரில் இன்னொரு தகடு இருக்கும். உடல் வகை, இருக்கைத் துணி, தொழிற்சாலையில் அடித்த நிறம் ஆகியவற்றின் குறியீடுகள் அதில் உள்ளன. 900 என்றிருந்தால் கார் கறுப்பு நிறத்தில் பிறந்தது. இப்போது அது மாதுளை நிறத்தில் இருப்பதில் தவறில்லை. இருப்பினும் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நான்காம் படியில் பயன்படும்.

இரண்டாம் படி: காருக்கு அடியில்

காரைத் தூக்கிப் பார்க்க விற்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 1958 முதல் 1964 வரையிலான பெரிய செவ்ரோலெட் கார்களின் சேசிஸ், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டம், எக்ஸ் வடிவில், நடுவில் இடுப்பு ஒடுங்கியதுபோல் இருக்கும். பக்கவாட்டில் நீளச் சட்டங்கள் கிடையா. அந்த ஒடுங்கிய நடுப்பகுதியிலும், அதிலிருந்து கைகள் பிரியும் மூலைகளிலும், பின்சக்கரத்துக்கு மேல் வளையும் இடத்திலும் துருவும் விரிசலும் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

காரில் ஹைட்ராலிக் பொருத்தியிருந்தால் இந்தச் சோதனை இருமடங்கு முக்கியம். டிக்கியில் பம்புகளும், தொடராக இணைக்கப்பட்ட பல 12 வோல்ட் பேட்டரிகளும் இருக்கும். சுவிட்சைத் தட்டினால் கார் எழும், தாழும். குதிக்கவும் செய்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் சேசிஸுக்குப் போகும். ஆகவே இரும்புத் தகடு வைத்து முறையாகப் பற்றவைத்து வலுப்படுத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் கேளுங்கள்.

கலிபோர்னியாவில் சக்கர விளிம்புக்குக் கீழே உடல் தாழ்ந்த கார்களுக்கு 1950களின் இறுதியிலிருந்து தடை இருந்தது. வேண்டும்போது உயர்த்திக்கொள்ள ஹைட்ராலிக் வந்ததே அந்தத் தடையைச் சமாளிக்கத்தான். 2024 ஜனவரி 1 முதல் அந்தத் தடை அங்கே இல்லை. வேறு மாநிலத்தில் வாங்குபவர் அந்த மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: கதவு, கண்ணாடி, டிக்கி

நடுத்தூண் இல்லாததால் பக்கவாட்டில் முன்கண்ணாடியின் விளிம்பு பின்கண்ணாடியின் விளிம்போடு நேராகச் சேர வேண்டும். நான்கு கண்ணாடிகளையும் ஏற்றி இறக்கி, ரப்பர் பீடிங்கில் சீராக அமர்கின்றனவா என்று பாருங்கள். பீடிங் கெட்டிருந்தால் மழைநீர் உள்ளே இறங்கித் தரைத்தகட்டைத் தின்னும். கதவைப் பாதி திறந்து மெல்லத் தூக்கிப் பார்த்தால் கீல் தேய்மானம் தெரிந்துவிடும்.

காரின் பின்புறத்திலுள்ள பெரிய கண்ணாடியின் அடிவிளிம்பில் நீர் தங்கும். அங்கே துருப்பிடித்தால் நீர் நேரே டிக்கிக்குள் சொட்டும். டிக்கி விரிப்பைக் கட்டாயம் தூக்கிப் பாருங்கள்.

நான்காம் படி: இப்போது பெயிண்ட்

அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் சொத்தை என்பார்கள். கேண்டி பெயிண்ட் அடித்த காரைப் பிட்டுப் பார்க்க முடியாது என்பதால் வேறு வழிகளில் உள்ளே போக வேண்டும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைச் சக்கர வளைவுகளின் ஓரத்திலும் கதவின் அடியிலும் வைத்துப் பாருங்கள். அது ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி இருக்கிறது. பெயிண்ட் கனத்தை அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. பல அடுக்குகள் அடித்த காரில் அளவு அதிகமாகத்தான் காட்டும். ஆகவே எண்ணைவிட, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஓரிடத்தில் மட்டும் 1,000 மைக்ரானை (ஒரு மில்லிமீட்டரை) தாண்டினால் அடியில் பட்டி கனமாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

கேண்டி என்பது ஒரே நிறத்தின் பூச்சு அன்று. முதலில் வெள்ளி அல்லது தங்க நிற மெட்டாலிக் அடித்தளம், அதன்மேல் ஒளி ஊடுருவும் நிறப்பூச்சு பல முறை, அதன்மேல் கிளியர் என்னும் நிறமற்ற மேற்பூச்சு. ஒவ்வொரு பூச்சும் நிறத்தை ஆழமாக்குவதால், ஸ்ப்ரே கை சற்று தயங்கினாலும் புலிவரிபோல் பட்டை தெரியும். கார் நிழலில் நிற்கும்போது இது தெரியாது. வெயிலில் நிறுத்தி, பக்கவாட்டில் குனிந்து, உடல் நெடுகப் பார்வையை ஓடவிட வேண்டும். இதே காரணத்தால் கேண்டியில் ஒட்டுவேலை எடுபடுவதில்லை. ஒரு கதவில் விழுந்த கீறலைத் திருத்தப் போனால் பக்கத்துப் பகுதிகளையும் சேர்த்து அடிக்க நேரலாம்.

வெயில் கேண்டியின் பகை. டிக்கி மூடியின் உட்புறம், கதவின் ஓரம், பீடிங்குக்கு அடியில் ஆகிய இடங்களின் நிறத்தைப் பானட், கூரை ஆகியவற்றின் நிறத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று தெரியும். அதே இடங்களில் தொழிற்சாலை நிறம் எட்டிப் பார்த்தால், முதல் படியில் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் அந்தக் கதவோ மூடியோ வேறொரு காரிலிருந்து வந்திருக்கலாம். சிலந்தி வலைபோன்ற விரிசல்களும் சிறு கொப்புளங்களும் தென்பட்டால், முழுவதையும் சுரண்டி மறுபடி அடிக்கும் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பூவேலையைப் பற்றி ஒரு சொல். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் இம்பீரியல்ஸ் என்னும் கார் குழுவைச் சேர்ந்த ஜெஸ்ஸி வலாடெஸின் ‘ஜிப்சி ரோஸ்’ என்னும் 1964 இம்பாலா, உடல் முழுதும் ரோஜாக்கள் தீட்டப்பட்டது. 2017இல் வாஷிங்டனின் நேஷனல் மால் திடலில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டது. அது கலை. ஆனால் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பூவும் ஜிப்சி ரோஸ் ஆகிவிடாது. முந்தைய உரிமையாளரின் ரசனைக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்; அந்த ரசனை உங்களுடையதும் என்றால் மட்டும் கட்டுங்கள் என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: ஓட்டிப் பார்த்தல்

செவ்ரோலெட்டின் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியில் இரண்டே கியர்கள். அது பழுதன்று, அமைப்பே அப்படி. பிரேக்தான் கவலை. நான்கு சக்கரத்திலும் டிரம், ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். பிரேக் எண்ணெய் ஓரிடத்தில் கசிந்தால் நான்கு பிரேக்கும் போகும். இரட்டைச் சுற்றும் முன் டிஸ்க்கும் மாற்றியிருந்தால், அசல் கெட்டுவிட்டதே என்று வருந்தாதீர்கள். எஞ்சின் 350 கன அங்குலம் என்றால் அதுவும் பின்னர் மாற்றியதே, அந்த அளவு 1967இல்தான் வந்தது. உலா போவதற்கு அது நல்ல எஞ்சின்தான்; அசல் எஞ்சின் என்று யாராவது விலை ஏற்றினால் மட்டும் தலையசைக்காதீர்கள்.

ஆறாம் படி: விலையும் காப்பீடும்

இதே நிலையிலுள்ள, சாதாரண நிறத்திலுள்ள இம்பாலாவின் விலையை முதலில் கண்டுபிடித்து, அதன்மேல் பெயிண்ட்டுக்கு எவ்வளவு கூட்டலாம் என்று பேசுங்கள். அடித்தவர் செலவிட்ட தொகை முழுவதும் விற்பனையில் திரும்புவது அரிது. இது வாங்குபவருக்குச் சாதகம். வழக்கமான கார் காப்பீடு, இழப்பு நேரும்போது தேய்மானம் கழித்தே மதிப்பிடும். ஆகவே தொகையை முன்கூட்டியே இருதரப்பும் ஒப்புக்கொள்ளும் வகைக் காப்பீட்டை எடுங்கள்.

பணம் கொடுக்குமுன் இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: அடித்தளத்தின் பெயர், கேண்டியின் பெயர், எத்தனை பூச்சு, எந்தக் கிளியர் என்ற குறிப்பு. அந்தத் துண்டுக் காகிதம் இல்லாவிட்டால், பின்னாளில் ஒரு பக்கம் உரசினால்கூட எவ்வளவு தேர்ந்த பெயிண்டரும் ஊகித்துத்தான் கலக்க வேண்டியிருக்கும்.