அழவைக்கும் கதையைச் சபையில் வாசிப்பது எப்படி?

யாங்கோனில் நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்தில் சோகக் கதை ஒன்றை உரக்க வாசிக்கப் போகிறீர்களா? முதலில் புத்தகத்தைச் சுருக்குங்கள். முதியவர்கள் நாற்பது நிமிடத்துக்கு மேல் உட்காரமாட்டார்கள். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு எண்பது சொல்தான் போகும். ஆக, சுமார் 3,000 சொல் போதும்.

சுருக்கும்போது சாவுக் காட்சியை மட்டும் உருவி எடுப்பார்கள் பலர். செத்தவர் யாரென்றே தெரியாதபோது யார் அழுவார்? மூன்றில் இரண்டு பங்கு அவர் உயிரோடு நடமாடும் பகுதியாக இருக்கட்டும்: கேலி, சண்டை, சமையல். முன்பாதியில் வந்த செருப்போ ட்ரங்குப் பெட்டியோ பின்பாதியில் ஆளில்லாமல் வந்தால் அந்த வரியை விட்டுவிடாதீர்கள். 'நெஞ்சு வெடித்தது', 'கண்ணீர் ஆறாகப் பெருகியது' போன்றவற்றைப் பென்சிலால் அடித்துவிடலாம். எழுதியவரே அழுது தீர்த்துவிட்டால் கேட்பவருக்கு வேலை ஏது?

இந்த ஊரில் எடுபடுவது 1942 நடைப்பயணக் கதைகள்: ஜப்பானியப் படைக்குத் தப்பி, பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே போனவர்களின் கதைகள். ரங்கூனில் (யாங்கோனின் பழைய பெயர்) 'ஜோதி' பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மாவே தாம் இந்தியாவுக்கு நடந்த அனுபவத்தை நூலாக எழுதியிருக்கிறார். இத்தகைய நூலை எடுத்தால், 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்ததையும், சிந்த்வின் ஆறு, எல்லை ஊரான தமு, மணிப்பூரின் இம்பால் என்று போன வழியையும் ஒரு சார்ட்டில் வரைந்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் நிறுத்தி விளக்கினால் ஏறிய துக்கம் இறங்கிவிடும். சில வீடுகளில் 1964தான் ஆறாத புண்: ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போய், பலர் இந்தியாவுக்குக் கப்பலேறிய காலம். யார் வீட்டில் எது நடந்தது என்று பெரியவர் ஒருவரிடம் முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அண்மையில் பிள்ளையை இழந்தவர் வருவதாக இருந்தால் கதை இன்னதென்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். தெரிந்து வருவது வேறு, மாட்டிக்கொள்வது வேறு.

பெரிய தொல்லை வாசிப்பவரின் தொண்டை. அழுகை முட்டும்போது குரல்வளையின் வாய் திறந்தே நிற்கப் பார்க்கும். எச்சில் விழுங்கவோ அது மூடியாக வேண்டும். அந்த இழுபறியைத்தான் தொண்டை அடைக்கிறது என்கிறோம். கடினமான பக்கத்தை வீட்டில் ஏழெட்டு முறை வாய்விட்டு வாசித்துப் பழகினால் பாதி அடங்கும். சபையில் அந்த வரிக்கு முன் மூச்சை முழுதாக வெளியே விட்டு, ஒரு மிடறு வெந்நீர் குடித்து, குரலை இறக்கி வாசியுங்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் கோடு போட்டு, மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். குரலை வேண்டுமென்றே நடுங்கவிடுவது நாடகம். பாட்டிமார் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தமிழெழுத்து தெரியாத இளையவருக்குப் பர்மிய எழுத்தில் பிரதி கொடுத்தால் ட, த இரண்டும் ஒன்றாக ஒலிக்கும். சாகும் நேரத்தில் 'பாட்டி' 'பாத்தி' ஆனால் சபை சிரித்துவிடும். அந்தச் சொற்களுக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

பிரதியைப் பெரிய எழுத்தில், ஒருபக்கமாக அச்சிடுங்கள். முக்கியமான வாக்கியம் பக்கத்தின் அடியில் முறியக் கூடாது. கரண்ட் போகும், சார்ஜ் விளக்கு பக்கத்திலேயே இருக்கட்டும். நன்றியுரை, அறிவிப்பு, அடுத்த கூட்டத் தேதி எல்லாவற்றையும் வாசிப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால், கதை முடிந்ததும் மைக்கைப் பிடிக்க யாரோ ஒருவர் எழுந்துவிடுவார்.