வலிப்பு மாத்திரையும் சிபிசி ரிப்போர்ட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலிப்பு மாத்திரை எடுப்பவரின் சிபிசியை, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் சோதனையைப் படிக்கும்போது, வார்டுக்கு வரும் பயிற்சி மருத்துவர்களின் ஒவ்வொரு புதிய பேட்சும் இதே இடங்களில்தான் சறுக்குகிறது. டோஸ் தவறுவது போன்ற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிகளை விட்டுவிடுவோம்.

வெள்ளையணு குறைந்ததும் மாத்திரையை நிறுத்துவது

கார்பமாசெபின் என்ற வலிப்பு மாத்திரையைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வெள்ளையணு கொஞ்சம் இறங்கும். பெரும்பாலும் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக ஏறிவிடும். ஆனால் ரிப்போர்ட்டில் 3,400 தடித்த எழுத்தில் இருக்கும், பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. பார்த்த கையோடு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அடங்கிக் கிடந்த வலிப்பு திரும்புகிறது; சிலருக்கு நிற்காமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகிறது. ஒரே ஒரு பெருக்கல் போடாததால் வரும் வினை என்பதுதான் எரிச்சல்.

மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை நியூட்ரோஃபில் (கிருமியோடு போராடும் ஒரு வெள்ளையணு வகை) சதவீதத்தோடு பெருக்குங்கள். 3,400-இல் 52 சதவீதம் என்றால் 1,768. காய்ச்சல் இல்லையென்றால் மாத்திரை தொடரட்டும், இரண்டு வாரத்தில் மறுபடி பாருங்கள். அதே 3,400-இல் 24 சதவீதம் என்றால் 816. இரண்டுக்கும் ரிப்போர்ட் போடுவது ஒரே அம்புக்குறிதான்! நியூட்ரோஃபில் 1,000-க்குக் கீழே போனால் அன்றே நரம்பியல் மருத்துவரைக் கேட்டு, லெவெடிராசெட்டம் போல உடனே வேலை செய்யும் மாற்று மருந்தை ஏற்றிவிட்டு கார்பமாசெபினை எடுக்க வேண்டும். இன்னொரு வலிப்பு மருந்தான லாமோட்ரிஜினை வாரக்கணக்கில் மெல்லத்தான் ஏற்ற முடியும், இந்த அவசரத்துக்கு ஆகாது.

ஹீமோகுளோபினும் தட்டணுவும் (பிளேட்லெட்) சேர்ந்தே இறங்கினால் எலும்பு மஜ்ஜையைச் சந்தேகியுங்கள். அப்போது பெருக்கிக்கொண்டு உட்காரக் கூடாது.

தட்டணு சரியாக இருக்கிறதென்று அறுவைக்கு அனுப்புவது

வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து தட்டணுவின் எண்ணிக்கையை மட்டும் குறைப்பதில்லை, அதன் வேலையையும் கெடுக்கும். ரத்தம் உறைய உதவும் புரதங்களான ஃபைப்ரினோஜனும் வான் வில்லிபிராண்ட் காரணியும்கூட இறங்கலாம். அதனால் 1,80,000 இருந்தும் ரத்தம் நிற்காமல் போகலாம். பெரிய அறுவைக்கு முன் உறைதல் சோதனைகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

திடீரென்று தட்டணு 40,000

டோஸைத் தொடுமுன் ஸ்மியரை, அதாவது கண்ணாடியில் தடவிய ரத்தத்தை, நுண்ணோக்கியில் பாருங்கள். ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள்) உள்ள குழாயில் தட்டணுக்கள் திரண்டுகொண்டால் மெஷின் குறைத்து எண்ணும். சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, அந்தத் திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால் வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்குங்கள்.

ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தோடு கண்ணை மூடிக்கொண்டு ஃபோலிக் ஆசிட்

எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 100-ஐத் தாண்டினால் முதலில் பி12 பாருங்கள். 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் சேர்த்தால் ரத்தத்தில் ஃபெனிட்டாயின் அளவு இறங்கி வலிப்பு வரலாம்.

காய்ச்சல், தொண்டைப் புண், தோலில் காரணமில்லாத ரத்தக்கட்டு

இந்த மாத்திரைகள் எடுப்பவருக்கு இவற்றில் எது வந்தாலும் அன்றே சிபிசி.