தினம் பத்து நிமிடம்: ஒரே வாரத்தில் உங்கள் போனைப் பத்திரமாக்குங்கள்

போன வருஷம் சித்தப்பாவின் போன் டவுன் பஸ்ஸில் தொலைந்தது. திரைக்கு பேட்டர்ன் பூட்டு போட்டிருந்தார். யாராலும் திறக்க முடியாது என்று நாங்களும் நிம்மதியாகத்தான் இருந்தோம். அன்று சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரில் ஒரு செய்தி வந்தது: "அவசரம், இந்த நம்பருக்கு 5000 அனுப்புங்க, நாளைக்குத் தந்துடுறேன்." அத்தை அனுப்பிவிட்டார். எடுத்தவன் போனைத் திறக்கவே இல்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு, அந்த நம்பரில் வாட்ஸ்அப்பைப் புதிதாக நிறுவியிருக்கிறான். ஓடிபி நேராக அவன் கைக்கே போய்விட்டது.

பணம் போனதைவிட, "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்று சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. இரண்டே இரண்டு அமைப்புகளை முன்பே போட்டிருந்தால் இது நடந்திருக்காது. அவருக்குப் பிறகு அம்மாவின் போன், அத்தையின் போன் என்று வரிசையாக உட்கார்ந்து செய்து கொடுத்தேன். அதே வரிசையில்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். அம்மாவுடன் முதலில் அப்படித்தான் உட்கார்ந்தேன். நாற்பதாவது நிமிடத்தில் "போதும், மீதியை அப்புறம் பார்க்கலாம்" என்றார். அந்த அப்புறம் ஒரு மாதம் வரவே இல்லை. பிறகு வழியை மாற்றினோம். ராத்திரி சாப்பிட்டு முடித்து போனை சார்ஜில் போடும் நேரத்தில் ஒரு வேலை மட்டும். முடிந்ததும் சுவரில் இருக்கும் தினசரி காலண்டரில் அன்றைய தாளில் பேனாவால் ஒரு டிக். மறுநாள் காலையில் தாளைக் கிழிக்கும்போது டிக் இருக்கிறதா என்று அவரே பார்ப்பார். ஒரு நாள் விட்டுப்போனால் பரவாயில்லை, அடுத்த நாள் அதையே செய்யுங்கள்.

நான் சொல்வது ஆண்ட்ராய்டு போனுக்கு. ஒவ்வொரு கம்பெனி போனிலும் மெனு கொஞ்சம் மாறியிருக்கும். தேடி அலைய வேண்டாம். செட்டிங்ஸைத் திறந்தால் மேலே தேடல் பெட்டி இருக்கும், அதில் நான் சொல்லும் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள்.

முதல் நாள்: திரைப் பூட்டு

பேட்டர்னை எடுத்துவிட்டு ஆறு இலக்க பின் வையுங்கள். பேட்டர்னைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் ஒருமுறை பார்த்தாலே மனதில் பதிந்துவிடும். பிறந்த தேதியும் வண்டி நம்பரும் வேண்டாம்.

அடுத்தது, பலரும் கவனிக்காத ஒன்று. போன் பூட்டியிருக்கும்போதே திரையில் ஓடிபி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட்டு இருந்தும் பிரயோஜனமில்லை. செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், பூட்டுத் திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் நாள்: சிம்முக்குத் தனிப் பூட்டு

சித்தப்பாவுக்கு இல்லாமல் போனது இதுதான். திரைப் பூட்டு போனைத்தான் காக்கும், சிம்மைக் காக்காது. சிம் பின் போட்டுவிட்டால், சிம்மை எந்தப் போனில் செருகினாலும் அந்த எண்ணைக் கேட்கும். எண் தெரியாமல் சிம் வேலை செய்யாது, ஓடிபியும் வராது.

இதில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு சிம்முக்கும் கம்பெனியே வைத்த ஒரு பழைய பின் இருக்கும். அதை யூகித்துப் போடக் கூடாது. மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு பக் (PUK) என்ற எட்டு இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் செத்துவிடும், புதிய சிம்தான் வாங்க வேண்டும். எனவே முதலில் உங்கள் சிம் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து பழைய பின், பக் இரண்டையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு செட்டிங்ஸில் 'சிம் லாக்' என்று தேடித் திறந்து, பூட்டை ஆன் செய்து, பழைய பின்னைக் கொடுங்கள். கீழேயே பின்னை மாற்றும் வசதி இருக்கும். உங்களுக்கு மட்டும் தெரிந்த எண்ணாக மாற்றுங்கள். இனி போனை அணைத்துப் போடும்போதெல்லாம் அந்த எண்ணைக் கேட்கும். வீட்டுப் பெரியவர்களின் போனில் செய்தால் இதை அவர்களிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். போன் தானாக ரீஸ்டார்ட் ஆகி, பின் போடாமலே கிடந்தால், நாம் கூப்பிடும்போது மணி அடிக்காது. நமக்குத்தான் பதறும்.

மூன்றாம் நாள்: வாட்ஸ்அப்

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று போய் ஆன் செய்யுங்கள். ஆறு இலக்க பின் கேட்கும். சிம் பின்னையே இதற்கும் வைக்காதீர்கள். மறந்துபோனால் மீட்க ஒரு மின்னஞ்சல் முகவரியும் கேட்கும், அதைத் தவிர்க்காமல் கொடுங்கள். இதன் பிறகு உங்கள் ஓடிபி யாருக்காவது கிடைத்தாலும், இந்த எண் இல்லாமல் உங்கள் கணக்குக்குள் உடனே நுழைய முடியாது.

அப்படியே லிங்க்டு டிவைசஸ் பட்டியலையும் பாருங்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்த கணினி இன்னும் அங்கே இருக்கலாம். தெரியாத கருவி எதுவாக இருந்தாலும் வெளியேற்றிவிடுங்கள்.

நான்காம், ஐந்தாம் நாள்: செயலிகளுக்குக் கொடுத்த அனுமதிகள்

இதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் போனில் ஒரு டார்ச் செயலி இருந்தது. வெளிச்சம் அடிப்பது மட்டுமே வேலையான அதற்கு லொகேஷனும் தொடர்பு எண்களும் எதற்கு? 2013இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இதே போன்ற ஒரு டார்ச் செயலியின் மேல் நடவடிக்கை எடுத்தது. பயனர்களின் இருப்பிடத்தை அவர்களுக்குச் சொல்லாமலே விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததுதான் குற்றச்சாட்டு. இன்றைய போன்களில் டார்ச் உள்ளேயே வருகிறது. அந்தச் செயலியை அன்றே அழித்தேன்.

நான்காம் நாள், செட்டிங்ஸில் 'பெர்மிஷன் மேனேஜர்' என்று தேடுங்கள். கேமரா, மைக், லொகேஷன், தொடர்புகள், எஸ்எம்எஸ் என்று பிரித்துக் காட்டும். ஒவ்வொன்றாகத் திறந்து, செயலியின் பெயரைப் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த வேலைக்கு இது தேவையா? வரைபடத்துக்கு லொகேஷன் வேண்டும், சரி. காலண்டர் செயலிக்கு மைக் வேண்டாம். தேவைதான் என்றாலும் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு 12இலிருந்து 'பிரைவசி டாஷ்போர்டு' என்ற பக்கமும் உண்டு. கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எப்போது மைக்கையும் கேமராவையும் தொட்டது என்று நேரத்தோடு காட்டும். அதைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு இந்த வேலையில் உண்மையான ஆர்வமே வந்தது.

ஐந்தாம் நாள் மூன்று அனுமதிகளை மட்டும் உற்றுப் பாருங்கள்.

தொடர்புகள்: உடனடிக் கடன் தரும் செயலிகள் நம் தொடர்புப் பட்டியலை அள்ளிக்கொண்டு, தவணை தவறினால் உறவினர்களுக்கெல்லாம் போன் செய்து அவமானப்படுத்திய கொடுமை நம் நாட்டில் ஏராளம். 2023இல் கூகுள், தன் பிளே ஸ்டோரில் உள்ள தனிநபர் கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் கேட்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. ஆனால் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் செயலிக்கு அந்த விதி எட்டாது.

தெரியாத செயலிகளை நிறுவும் அனுமதி: வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் ஏபிகே (APK) கோப்பு வரும், அதாவது தொட்டால் செயலியை நிறுவும் கோப்பு. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும், ஒருபோதும் ஏபிகே ஆக வராது. இந்த அனுமதியை வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் அணைத்துவிடுங்கள்.

அக்சஸிபிலிட்டி: பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டுவதற்காக வந்த அருமையான வசதி. திரையில் உள்ளதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகத் தொடவும் இதனால் முடியும் என்பதால், திருட்டுச் செயலிகள் முதலில் குறிவைப்பதும் இதைத்தான். தெரியாத பெயர் இந்தப் பட்டியலில் இருந்தால் யோசிக்காமல் அணையுங்கள், பிறகு செயலியையே அழியுங்கள்.

ஆறாம் நாள்: கூகுள் கணக்கு

ஜிமெயில் போனால் எல்லாமே போன மாதிரி. மற்ற பாஸ்வேர்டுகளை மாற்றும் வழி அங்கேதான் இருக்கிறது. கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை (2-ஸ்டெப் வெரிஃபிகேஷன்) ஆன் செய்யுங்கள். அங்கேயே 'பேக்கப் கோட்ஸ்' கேட்டால் பத்து எண்கள் தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். போன் தொலைந்த நாளில் வேறு கருவியிலிருந்து உள்ளே போக இவைதான் உதவும்.

ஏழாம் நாள்: தொலைந்துபோனால் என்று ஒரு தாள்

முதலில் டயல் பக்கத்தில் *#06# அழுத்துங்கள். போனின் அடையாளமான ஐஎம்இஐ என்ற 15 இலக்க எண் வரும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், போலீஸ் புகார் நகலோடு இந்த எண்ணைக் கொடுத்தால், போனை இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் பயன்படுத்த முடியாதபடி முடக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் அதே தளத்தில் பார்க்கலாம். நீங்கள் வாங்காத எண் இருந்தால் உடனே தெரிவித்துவிடுங்கள்.

பணம் ஏமாந்துபோனால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் நிறுத்தி வைக்க முடியுமா என்பது நீங்கள் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஐஎம்இஐ, சிம்மின் பக் எண், கூகுளின் பத்து எண்கள், 1930, குடும்பத்தில் இரண்டு பேரின் போன் நம்பர். இவ்வளவையும் ஒரே தாளில் கையால் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். அதைப் படம் எடுத்து போனிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கவர் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.