வாட்ஸ்அப் கட்டைவிரல் அனுமதி ஆகாது: டே கேர் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகிறவர்களுக்கு

சென்னை மந்தைவெளியில் 14 வருடமாக டே கேர் நடத்துகிறேன். இப்போது 22 பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை. கோடை மாதங்கள் தவிர, மாதம் ஒரு முறையாவது அவர்களை வெளியே அழைத்துப் போய்விடுவோம். காலை எட்டரைக்கு வந்து மாலை ஆறரைக்குப் போகிற பிள்ளைக்கு நாகேஸ்வரராவ் பூங்காவின் மண்ணும் பறக்கும் ரயிலின் ஜன்னலும் கட்டாயம் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எப்படி அழைத்துப் போவது என்பதில்தான் நான் மிகவும் பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் 12 பிள்ளைகளோடு ஒரு பூங்காவுக்குப் போனோம். பெரியவர்கள் மூன்று பேர். எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி. கிளம்பும் நேரத்தில் கயிற்றைப் பிடித்து வரிசையில் நிற்க வைத்து எண்ணினேன். பன்னிரண்டு. சரியாக இருந்தது. வேனை நோக்கி நாலு எட்டு வைத்திருப்பேன், பின்னால் வந்த ஆயாம்மா, "அக்கா, இது நம்ம புள்ள இல்ல" என்றார். அன்றைக்கு வேறொரு பள்ளியும் மஞ்சள் தொப்பியோடு வந்திருந்தது. அவர்களுடைய பையன் ஒருவன் எங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எங்கள் பிள்ளை, மூன்றரை வயதுக்காரி, குழாயடிக்குப் பின்னால் உட்கார்ந்து கூழாங்கற்களை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தாள். கண்டுபிடிக்க நான்கு நிமிடம் ஆனது.

அன்று மாலை அவள் அம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "எத்தனை பேர் பாத்துக்கிட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "பன்னிரண்டு பேருக்கு மூணு பேர்தான்னு சீட்டுல எழுதியிருந்தா நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேனே" என்றார். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் அந்த அனுமதிச் சீட்டில் நான் எழுதியிருந்தது: 'பூங்காவுக்கு அழைத்துச் செல்ல சம்மதிக்கிறேன்.' ஒரே வரி. எதற்குச் சம்மதிக்கிறோம் என்றே தெரியாமல் அவர் சம்மதித்திருக்கிறார்.

அதனால் இப்போது எங்கள் சீட்டு நீளமாக இருக்கும். போன டிசம்பரில் கொடுத்ததை இங்கே தருகிறேன், வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

'வரும் வியாழக்கிழமை காலை 10.15க்குக் கிளம்பி 12 மணிக்குத் திரும்புகிறோம். மந்தைவெளி ஸ்டேஷனிலிருந்து திருவான்மியூர் வரை பறக்கும் ரயில். அங்கே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ரயிலிலேயே திரும்புவோம். மூன்று வயது நிரம்பிய 9 பிள்ளைகள், பெரியவர்கள் 4 பேர். உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்திருப்பவர்: (பெயர்). ஸ்டேஷனுக்கு நடந்து போகிறோம், ஒரு சாலையைக் கடக்க வேண்டும். சாப்பாடு: இட்லி, வாழைப்பழம். அன்று தொடர்புகொள்ள வேண்டிய எண்: (எண்). பிள்ளைக்கு ஒவ்வாமை, வீசிங், காய்ச்சலில் வலிப்பு வந்தது ஏதாவது உண்டா? போட்டோ எடுக்கலாமா? அனுப்புகிறேன் / அனுப்பவில்லை. அனுப்பாவிட்டால் காரணம் எழுத வேண்டாம். அன்று பிள்ளை எங்கள் டீச்சரோடு இங்கேயே இருக்கும்.'

கடைசி மூன்று வாக்கியங்கள் இல்லாத சீட்டை நான் அனுமதிச் சீட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். 'எல்லாரும் வருகிறார்கள், நீங்கள் மட்டும்தான் பாக்கி' என்று குரூப்பில் போட்டு வாங்கும் சம்மதம் நெருக்கி வாங்கியதுதான். வேண்டாம் என்று சொல்லப் பெற்றோருக்கு இடம் இருக்க வேண்டும். அன்றைக்கு டே கேரில் தங்கும் பிள்ளைக்கும் நல்ல நாளாக இருக்க வேண்டும். நாங்கள் வாசலில் பெரிய அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றிக் காகிதக் கப்பல் விடுவோம். போன பிள்ளைகள் திரும்பி வந்து, எங்களுக்கு ஏன் கப்பல் இல்லை என்று கேட்டிருக்கிறார்கள்.

சீட்டைக் குறைந்தது மூன்று நாள் முன்னதாகக் கொடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் தனிச் சீட்டு. சேர்க்கும்போதே வருடம் முழுவதற்கும் ஒரு கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஜூனில் போட்ட கையெழுத்துக்கு, ஜனவரியில் அந்தப் பிள்ளைக்கு வீசிங் தொடங்கியது தெரியாது. வாட்ஸ்அப்பில் வரும் கட்டைவிரலையும் நான் ஏற்பதில்லை. அது படித்ததற்கான அடையாளமா சம்மதமா என்று போட்டவருக்கே தெரியாது. வேலையில் மாட்டிக்கொண்ட அப்பாவோ அம்மாவோ சீட்டை நிரப்பிப் படம் எடுத்து அனுப்பினால் சரி. காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பாட்டி, "நான் போடறேன், குடும்மா" என்பார். பாட்டிக்கு எதிரிலேயே அம்மாவுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். பாட்டிக்கு முதலில் வருத்தமாகத்தான் இருக்கும். அப்புறம் பழகிவிடும். தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோரும் இருக்கிறார்கள், எந்த மொழியுமே படிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

பெற்றோர் பிரிந்து வாழும் வீடு என்றால் யாருடைய சம்மதம் வேண்டும், யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்பதைச் சேர்க்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பயண நாளன்று வாசலில் வைத்து அதைத் தீர்க்க முடியாது.

இனி ஆள் கணக்கு. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதையொட்டி மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மூன்று வயதுக்குட்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மூன்றிலிருந்து ஆறு வயது வரை 20 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று இருக்கிறது. கதவைச் சாத்திய அறைக்குள் அது போதும். சாலையில் போதவே போதாது. ஒரு பெரியவருக்கு இரண்டு கைதான். மூன்று வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேலே மூன்று பிள்ளைக்கு ஒருவர் என்று வைத்திருக்கிறேன். அந்த அளவுக்கு ஆள் இல்லாத நாளில் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுவேன். வேன் டிரைவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர் வேலை வண்டி. கூட வரும் பெற்றோர் நல்ல துணை. ஆனால் அடுத்தவர் பிள்ளையை அவரிடம் தனியாக விடக்கூடாது, கழிப்பறைக்குக் கூட்டிப் போகவும் சொல்லக்கூடாது. அது எங்கள் ஆட்களின் வேலை. அதற்கும் இருவராகப் போக வேண்டும்.

அந்த மஞ்சள் தொப்பி நாளுக்குப் பிறகு நான் தலையை எண்ணுவதில்லை, பெயரைக் கூப்பிடுகிறேன். பட்டியல் கையில் இருக்கும். பெயரைச் சொல்லி, முகத்தைப் பார்த்து, டிக் அடிக்க வேண்டும். கேட்டைத் தாண்டும்போது, ஏறியதும், இறங்கியதும், சாப்பிட உட்கார்ந்ததும், கிளம்பும் முன். ஒன்பது பிள்ளைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. பிள்ளையின் பெயரைச் சட்டையில் பெரிதாக எழுதி ஒட்டாதீர்கள். முன்பின் தெரியாத ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை தெரிந்தவர் என்று நினைத்துப் போய்விடும். கைப்பட்டையில் டே கேர் போன் நம்பர் மட்டும் போதும்.

ரயிலில் ஏறுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மந்தைவெளியில் வண்டி நிற்பது கொஞ்ச நேரம்தான். ஆபீஸ் கூட்டம் வடிந்த பிறகுதான் போவோம். எஸ்கலேட்டர் பக்கம் போவதே இல்லை, படிதான். பிளாட்பாரத்தில் சுவரை ஒட்டி உட்கார வைத்துவிடுவோம். வண்டி முழுதாக நின்ற பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். முதலில் ஒரு பெரியவர் ஏறி உள்ளே நிற்பார், இருவர் வெளியிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக் கொடுப்பார்கள், கடைசியாக ஏறுவது எப்போதும் நான். பாதியில் வண்டி நகர்ந்துவிட்டால்? ஏறியவர்கள் அடுத்த ஸ்டேஷனான கிரீன்வேஸ் ரோட்டில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், மிச்சப்பேர் அடுத்த வண்டியில் வருவோம். யாரும் ஓடி ஏறக்கூடாது. இது வரை அப்படி ஆனதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் படியேறும் முன் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறோம்.

வேனில் போனால் முதல் நாளே அதை நேரில் பாருங்கள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அதே வருடம் பள்ளி வாகனங்களுக்கென்றே தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. நான் இன்றைக்கும் வாடகை வேனில் ஏறினால் செருப்பைக் கழற்றிவிட்டு, தரைவிரிப்பை விலக்கித் தரை முழுக்க மிதித்துப் பார்ப்பேன். திரும்பி வந்ததும் கடைசி இருக்கை வரை நடந்து, இருக்கைக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். தூங்கிப்போன பிள்ளையை மூடிய வண்டியில் விட்டுவிட்டால் சென்னை வெயிலில் சில நிமிடம் போதும், ஆபத்து.

மார்ச் பாதிக்கு மேல் ஜூன் முடியும் வரை வெளியே போவதே இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்குப் போனால் மணல் மட்டும்தான், அலைப்பக்கம் கிடையாது. சாப்பாட்டில் முழு திராட்சை, வேர்க்கடலை, முறுக்கு வேண்டாம். தொண்டையில் சிக்கும். தெருநாய் கீறினாலும் கடித்தாலும் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவி, நேராக ஆஸ்பத்திரி.

பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுக்கிறோம்: அக்காவைக் காணோம் என்றால் மரமாகிவிடு. நின்ற இடத்திலேயே நின்று, கையைத் தூக்கி, அக்கா என்று கத்த வேண்டும். டே கேர் கூடத்தில் வாரம் இரண்டு நாள் இதை விளையாட்டாகவே ஆடுகிறோம். ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் ஒருவர் நேராக வாசலுக்கு, ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்துக்கு, மற்றவர்கள் மீதிப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு அசையாமல். பூங்காவோ ஸ்டேஷனோ, அங்கிருக்கும் காவலாளிக்கு உடனே சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் அவசர உதவி எண் 112, கூடவே பெற்றோருக்குப் போன். குழந்தைகள் உதவி எண் 1098ம் பட்டியலின் தலையில் எழுதியிருக்கிறது. தேடிக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள்.

மாலையில் பிள்ளையை அழைக்க வரும்போது வாசலில் நின்று நானே சொல்வேன்: எங்கே போனோம், என்ன சாப்பிட்டாள், எங்கே அழுதாள், முழங்காலில் இந்தச் சிராய்ப்பு எப்படி வந்தது. கூழாங்கல் கழுவியவளின் அம்மா அந்த மாதமே பிள்ளையை நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். அடுத்த பயணத்துக்கு அவர் 'அனுப்பவில்லை' என்பதில் வட்டம் போட்டுக் கொடுத்தார். அதற்கு அடுத்த முறையும் அப்படியே. மூன்றாம் முறை, பெரியவர்கள் எத்தனை பேர் என்று எழுதியிருந்த வரியின் கீழே கோடு போட்டு, 'அனுப்புகிறேன்' என்று எழுதியிருந்தார்.